துண்டு போட்ட நாற்காலி

ஜூலை 20, சனி

கால்கரி வந்து சேர்ந்தேன். கனடாவின் மேற்குப் பக்கத்து ஊர். விமானத்தில் உட்கார்ந்தே வந்ததில் கால் இரண்டும் வீங்கிவிட்டன. முப்பது வருஷம் கண்டக்டராகப் பஸ்ஸில் நின்றுகொண்டே போனவனை இப்படி உட்கார வைத்தால் வீங்காமல் என்ன செய்யும்.

மகள் வாசுகி வந்திருந்தாள். இளைத்துவிட்டாள் என்று எழுத ஆசைதான். இல்லை, நன்றாகத்தான் இருக்கிறாள். பின்னால் அந்தப் பையன் நேதன் நின்றான். எங்கள் வீட்டு வாசல் நிலையில் குனிந்து வந்தாலும் இடிக்கும், அவ்வளவு உயரம். என் பெட்டியை வாங்கிக்கொண்டு “வணக்கமுங்க” என்றான். கோபிக்காரன் மாதிரியே அந்த ‘ங்க’ வந்தது. நானும் பதில் வணக்கம் சொன்னேன். அதில் அர்த்தம் ஒன்றும் இல்லை.

ஓய்வூதியர் சங்கத்து மாத இதழைப் பார்த்துக்கொள்ளும் கிட்டுசாமி, கிளம்பும்போது ஒரு வேலை கொடுத்தான். “கன்ட்ரி மியூசிக் விழாவுக்குப் போறயாமா நல்லசிவம். நாளைக்கு நம்ம ஆளுக பிள்ளைகளப் பாக்கப் போனா உதவுமில்ல, குறிப்பா எழுதிக்கிட்டு வா” என்றான். இந்த டைரி அதற்காகத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. வாசுகி கட்டினால் இந்தப் பையனைத்தான் கட்டுவாளாம். ஆனால் நான் சரி என்று சொல்லாமல் கட்டமாட்டாளாம். பையனுக்கு அம்மா இல்லை. அப்பா ஆர்னி மட்டும். அவரோடு மூன்று நாள் விழாவில் இருந்து பாருங்கள், ஊருக்குக் கிளம்புவதற்குள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டாள். என் மனைவி ருக்மணி போனிலேயே சரி சொல்லிவிட்டாள். அவள் எதற்குத்தான் யோசித்தாள்.

எனக்கு அவசரமில்லை. பாட்டைக் கேட்போம்.

ஜூலை 22, திங்கள்

வாசுகி கடைக்கு அழைத்துப் போனாள். அகல விளிம்புத் தொப்பி, வெயிலுக்குப் பூசும் களிம்பு, கொசுவுக்கு ஒரு களிம்பு, காதில் செருகப் பஞ்சு போன்ற அடைப்பான். பாட்டுக் கேட்கப் போகிறவனுக்குக் காதடைப்பான் எதற்கு என்றேன். ஒலிபெருக்கிப் பக்கம் உட்கார்ந்தால் தெரியும் என்றாள். நம் ஊர்ப் பண்டிகையில் குழாய் ஒலிபெருக்கிக்கு அடியில் தூங்கியவன் நான். இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

குறிப்பு: இரண்டு களிம்பையும் ஒரே பையில் வைக்காதீர். நான் கொசுக் களிம்பை முகத்தில் பூசிவிட்டேன்.

சாயங்காலம் ருக்மணி போன் செய்தாள். பழைய பாட்டுத்தான். அவள் தங்கை மகள் தரணிக்குக் கோபிக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, விடுதியில் இடம் இல்லை, தாளவாடி மலையிலிருந்து தினமும் வந்து போக முடியாது.

“ஏனுங்க, வாசுகி ரூம்பு சும்மாத்தான கெடக்குது. அந்தப் புள்ள ஒரு மூலைல படுத்துக்கிட்டுப் படிச்சுட்டுப் போகுது.”

“வாசுகி வந்தா எங்க படுப்பா?”

“அவ வந்து மூணு வருசமாச்சுங்க.”

“அதனால?”

“சரி, கூட்டித் தொடச்சாச்சும் வெக்கறேன். சாவியக் காணமே.”

சாவி மறதியாக என் பையில் வந்துவிட்டது. வாசுகியின் அறை ஒன்றும் பாழாகக் கிடக்கவில்லை. வாரா வாரம் நானே திறந்து துடைக்கிறேன். கட்டில் மேல் ஒரு துணி விரித்து, அதன்மேல் அவளுடைய புத்தகப் பெட்டிகளை அடுக்கியிருக்கிறேன். யாரும் உட்கார்ந்துவிடக் கூடாதே என்றுதான்.

ஜூலை 24, புதன்

இங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரத்திலும் வெயில் அடிக்கிறது. குறிப்பு: சூரியனை நம்பிப் பசிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஜூலை 25, வியாழன்

ஆர்னியின் தோட்டத்துக்கு வந்துவிட்டோம். விழா நடக்கும் ஊருக்கு இங்கிருந்து பக்கம். வழியெல்லாம் மஞ்சள் பூ, அடிவானம் வரைக்கும். கடுகு என்றேன். கனோலா, எண்ணெய் எடுப்பது, கடுகுக்குச் சொந்தக்கார வகைதான் என்றான் அந்தப் பையன். பாதி சரிதானே.

ஆர்னி என் வயதுக்காரர். கை இரண்டும் கடப்பாரை பிடித்த கை. பேச்சு குறைவு. எனக்கு வருவது சில்லறை இங்கிலீஷ். அவருக்குத் தமிழ் ‘வணக்கம்’ மட்டும். அதனால் சண்டை வர வாய்ப்பில்லை. நான் கொண்டுவந்த பவானி ஜமக்காளத்தைக் கொடுத்தேன். விரித்துப் பார்த்து, வண்டியின் பின்னால் கட்டிய நாற்காலிகளைக் காட்டி ஏதோ சொன்னார்.

“விழாவுக்கு இதையே விரிப்பா எடுத்துக்கலாமான்னு கேக்கறாருப்பா. எல்லாரும் பிளாஸ்டிக் தார்பாய்தான் கொண்டு வருவாங்க” என்றாள் வாசுகி.

புது ஜமக்காளத்தைப் புல்லில் போடுவதா என்று மனதுக்குள் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் கொடுத்தது கொடுத்ததுதான்.

நாற்காலிகள் கால் குட்டையானவை. பின்னால் இருப்பவருக்கு மறைக்கக் கூடாது என்று அங்கே சட்டமாம். அதில் ஒன்று பச்சைக் கித்தான், முதுகில் வெள்ளை நூலால் ‘லோயிஸ்’ என்று தைத்திருந்தது. இறந்துபோன அவர் மனைவியின் பெயர். இரண்டு வருஷம் ஆகிறது. அவள் நாற்காலியையும் வருஷா வருஷம் விழாவுக்குக் கொண்டுபோவாராம். எனக்கு அந்த மனிதரை அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது. பையனைச் சொல்லவில்லை, அப்பாவைச் சொல்கிறேன்.

வண்டியில் வரும்போது வானொலியில் கன்ட்ரி என்கிற இவர்கள் நாட்டுப்புறப் பாட்டுகள் ஓடின. எல்லாப் பாட்டிலும் யாரோ ஒருவர் வீட்டை விட்டுப் போகிறார், இன்னொருவர் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அர்த்தத்தை வாசுகிதான் சொன்னாள். கேட்டிருக்க வேண்டாம்.

ஜூலை 26, வெள்ளி

கிட்டுசாமிக்கு இதைத்தான் முதலில் எழுத வேண்டும். வெள்ளைக்காரர்களும் இடம் பிடிக்க ஓடுகிறார்கள்.

காலையில் பெரிய மைதானத்தின் வாசலில் வரிசை. ஆளுக்கொரு சுருட்டிய தார்பாயை அக்குளில் வைத்திருந்தார்கள். விசில் ஊதினதும் ஒரே ஓட்டம். தாத்தாக்கள், பேறுகாலம் நெருங்கிய பெண்கள், தொப்பி பறக்கப் பறக்க. எனக்கு நம் ஊர்ப் பஸ் நிலையத்தில் முகூர்த்த நாள் காலை வந்து நிற்கிற மாதிரி இருந்தது. இத்தனை தூரம் வந்து முதன்முறையாக, இது நமக்குத் தெரிந்த ஊர் என்று நினைத்தேன்.

முழங்கால் ஒத்துழைக்காததால் ஓட்டம் அந்தப் பையன் பொறுப்பு. நாலு எட்டில் போய் மேடைக்கு எதிரே ஜமக்காளத்தை விரித்துவிட்டான். அத்தனை நீலப் பிளாஸ்டிக்குக்கு நடுவில் பவானிச் சிவப்புக் கோடு தனியாகத் தெரிந்தது. போகிறவர்கள் நின்று தொட்டுப் பார்த்தார்கள்.

குறிப்பு: நுழைவில் கையில் கட்டும் துணிப்பட்டையை விழா முடியும்வரை கழற்றக் கூடாது, குளிக்கும்போதும். தண்ணீர்ப் பாட்டில் காலியாகக் கொண்டுபோனால் உள்ளே குழாயில் பிடித்துக்கொள்ளலாம். புளிச்சோறு கொண்டுபோகலாம், யாரும் தடுக்கவில்லை. பக்கத்துத் தார்பாய்க்காரர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்.

வாசுகியும் அந்தப் பையனும் தட்டுக் கழுவும் கூடாரத்தில் தொண்டர்கள். கட்சித் தொண்டர் அல்ல, சும்மா வேலை செய்கிறவர்கள். ஆர்னி நாற்காலிகளை விரித்து, லோயிஸின் நாற்காலியை நடுவில் வைத்துவிட்டு, வேறு மேடைகளைப் பார்க்கப் போய்விட்டார். காவலுக்கு நான்.

அவர் நகர்ந்த கொஞ்ச நேரத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து பச்சை நாற்காலியைக் காட்டி உட்காரட்டுமா என்று கேட்டாள். பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் செத்துப்போனவள் நாற்காலி. “பர்சன் கமிங்” என்றேன். சிரித்துவிட்டுப் போனாள். அப்புறம் ஒரு கிழவர். அப்புறம் தொப்பிபோட்ட இரண்டு பெண்கள். என்ன ஜனங்கள் இவர்கள், அடுத்தவர் விரிப்பில் வந்து கேட்பதற்குக் கூச்சமே இல்லை. கடைசியில் என் தோளிலிருந்த துண்டை எடுத்து அந்த நாற்காலியில் போட்டேன். என் பணிக்காலம் முழுக்க நான் நடத்திய நீதிமன்றம் இது. துண்டு கிடந்தால் அங்கே ஆள் இருக்கிறான் என்று பொருள். ஜன்னல் வழியாகப் போட்ட துண்டுக்காக ஒரு ஆசிரியரையே சீட்டைவிட்டு எழுப்பியிருக்கிறேன்.

சாயங்காலம் ஆர்னி வந்தார். துண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துண்டை மடித்து என்னிடம் கொடுத்து, ஏதோ கேட்டார். யாராவது வந்தார்களா என்று கேட்கிறார் என்று புரிந்தது.

“நோ. நோபடி. ஐ வாட்ச்” என்றேன், பெருமையாக.

தலையை ஆட்டினார். மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பாட்டில் மூழ்கிவிட்டார் என்று நினைத்தேன்.

ஜூலை 27, சனி

இன்று நடந்ததை எழுத மனமில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காற்று பலமாக இருந்ததால் துண்டை நாற்காலிக் கையில் முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டேன். உச்சி வெயிலில் நிழல் பக்கமாக இருந்தது எங்கள் இடம். வருகிறவர்களுக்கெல்லாம் “பர்சன் கமிங்” சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டது. ஒரு பெரிய உடம்புக்காரர் துண்டைப் பார்த்துவிட்டுப் போய், மஞ்சள் சட்டைத் தொண்டர் பெண் ஒருத்தியைக் கூட்டிவந்தார். அவள் குனிந்து, மெதுவாக, சிரித்துக்கொண்டே ஏதோ விளக்கினாள். எனக்குப் புரிந்தது ‘எம்ப்டி’ என்ற ஒரு வார்த்தைதான்.

“நாட் எம்ப்டி” என்றேன். அவள் மறுபடி சொன்னாள். நான் எழுந்து நின்றேன். படியில் தொங்குகிறவனை உள்ளே ஏற்றும் குரல் இருக்கிறதே, அது தானாக வந்துவிட்டது. சுற்றிலும் இருந்தவர்கள் திரும்பினார்கள். மேடையில் பாடிக்கொண்டிருந்தவன்கூட ஒரு கணம் இந்தப் பக்கம் பார்த்த மாதிரி இருந்தது.

வாசுகி ஈரக் கையோடு ஓடிவந்தாள். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு என்னிடம் திரும்பினாள். முகம் சிவந்திருந்தது.

“அப்பா, இது சத்தி பஸ் இல்லப்பா.”

“அதுக்காக? செத்துப்போன மனுசி நாற்காலில கண்டவங்களும் உக்காரலாமா? அந்த மனுசன் எவ்வளவு ஆசையாத் தூக்கிட்டு வந்து வெச்சுட்டுப் போயிருக்கறாரு.”

அவள் கோபம் அப்படியே வடிந்துவிட்டது. என் பக்கத்தில் ஜமக்காளத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

“அதுக்குத்தானப்பா கொண்டு வர்றாரு. மத்தவங்க உக்காரத்தான்.”

இங்கே வழக்கம் அப்படியாம். இடம் பிடிக்க எவ்வளவு வேண்டுமானாலும் ஓடலாம். ஆனால் பிடித்தவர் எழுந்து போய்விட்டால், திரும்பி வரும்வரை அந்த நாற்காலியில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். வந்ததும் எழுந்து கொடுத்துவிட வேண்டும். லோயிஸ் ஒரு பாட்டுக்குக்கூட உட்காரமாட்டாளாம், மேடைக்கு முன்னால் ஆடப் போய்விடுவாளாம். திரும்பி வந்தால் நாற்காலியில் யாராவது இருப்பார்கள். எழ வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் புல்லில் உட்கார்ந்து அவர்களோடு பேசிக்கொண்டிருப்பாளாம்.

“போன வருசம் நான் ஆர்னிகிட்டக் கேட்டேன்ப்பா, எதுக்கு இந்த நாற்காலின்னு. அவரு சொன்னாரு, யாராச்சும் மாறி மாறி உக்காந்திருந்தா லோயிஸ் ஆடப் போயிருக்கான்னு நெனச்சுக்குவேன். நாளெல்லாம் காலியாவே கெடந்தா அவ இல்லைங்கறது தெரிஞ்சுபோகும்னு. தெனமும் சாயங்காலம், இன்னைக்கு யாரு உக்காந்தாங்கன்னு கேப்பாரு. அதுல ஒரு சந்தோசம் அவருக்கு.”

நேற்று அவர் கேட்டதும் நான் சொன்ன பதிலும் நினைவுக்கு வந்தன. நோபடி. ஐ வாட்ச். வெட்கமாக இருந்தது. அந்த மனிதர் மனைவியைப் பார்க்க வந்த இடத்தில், அவள் இல்லை, இல்லை என்று இரண்டு நாளாக நான் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

முடிச்சு இறுகிவிட்டிருந்தது. வாசுகிதான் அவிழ்த்தாள்.

“நீங்க ஒண்ணும் சொல்லவேண்டாம்ப்பா. அவரு தப்பா நெனைக்கமாட்டாரு” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “எங்க விசயத்துலயும் அவசரமில்ல. மனசில்லாம சரின்னு சொல்லவேண்டாம்” என்றாள்.

பிறகு மழை. இங்கே மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. குறிப்பு: மழைக்கோட்டு கட்டாயம். ஜமக்காளம் நனைந்தால் ஆளைவிடக் கனம். நானும் ஆர்னியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் பிழிந்தோம். 

ஜூலை 28, ஞாயிறு

காலையில் ஆர்னி வேறு மேடைகளுக்குக் கிளம்பியதும் நான் எழுந்து, பாதை ஓரமாக நின்றுகொண்டேன். தொப்பியை எடுத்து ஆட்டினேன்.

“எம்ப்டி சீட், எம்ப்டி சீட், கம், கம், சிட், சிட்.”

ஓய்வு பெற்ற பிறகு இப்படிக் கூவியதில்லை. குரல் கெட்டுப்போகவில்லை. முதலில் பயந்துபோய் விலகி நடந்தார்கள். நேற்றுக் கத்திய ஆள்தானே என்று பார்த்திருப்பார்கள். பிறகு அந்தக் கைக்குழந்தைக்காரி வந்தாள், வெள்ளிக்கிழமை நான் துரத்தினவள். உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள். வெயில் படாமல் நான் தொப்பியைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்து நின்றேன்.

அவள் போனதும் தலைப்பாகை கட்டிய பஞ்சாபிக்காரர். லாரி ஓட்டுகிறவர். எனக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நான் பஸ்காரன் என்று எப்படியோ புரிந்துகொண்டு தன் லாரியின் படங்களைக் காட்டினார். அப்புறம் முழங்கால் வலிக்கார அம்மாள். அப்புறம் அழுதுகொண்டே வந்த ஒரு பெண். கேட்கக் கூடாதே என்று எள்ளுருண்டை கொடுத்தேன். அழுகையை நிறுத்தி அதையே பார்த்தாள். மதியம் அந்த மஞ்சள் சட்டைத் தொண்டர் பெண்ணையே பிடித்து உட்கார வைத்தேன். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரையும் பக்கத்தில் விடவில்லை. அந்த அளவுக்காவது அதிகாரம் வேண்டாமா.

சாயங்காலம் ஆர்னி வந்தார். கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டார். நானே ஆரம்பித்தேன். வாசுகி பக்கத்தில் இல்லை, ஆகவே நடித்தே காட்டினேன். குழந்தை, தலைப்பாகை, முழங்கால், அழுகை, எள்ளுருண்டை, மஞ்சள் சட்டை. எள்ளுருண்டையைப் பார்த்து விழித்த பெண்ணை நடித்தபோது ஆர்னி சத்தம் போட்டுச் சிரித்தார். சிரித்து முடிக்கும்போது கண் நிறைந்திருந்தது. அதை மறைக்கவும் இல்லை. மேடைக்கு முன்னால் ஆடுகிற கூட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் யாரையோ தேடுகிற மாதிரி.

பிறகு பச்சை நாற்காலியைத் தட்டி, “யூ?” என்றார்.

மூன்று நாளும் நான் அதில் உட்காரவில்லை. உட்கார்ந்தேன். மேடையில் பிடில் மட்டும் தனியாக வாசித்தார்கள். தூரத்தில் தட்டுக் கழுவும் கூடாரம் தெரிந்தது. வாசுகி அந்தப் பையனிடம் என்னவோ சொன்னாள். பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது, அவன் அவ்வளவு உயரத்தையும் வளைத்து அவள் வாய்ப் பக்கம் காதைக் கொண்டுவந்து கேட்டான். கேட்டு முடித்த பிறகும் உடனே நிமிரவில்லை. அவள் மறுபடி ஏதாவது சொன்னால் கேட்பதற்காக இருக்கும்.

குட்டை நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. ஆர்னி கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

ஓரமாகப் போய் ருக்மணியைக் கூப்பிட்டேன். அங்கே திங்கட்கிழமை காலை. பால் பொங்கும் சத்தம் கேட்டது.

“தரணி எப்ப காலேஜ் சேர்றா?”

“வர்ற வியாழக்கிழமைங்க. தனியார் விடுதி ஒண்ணு பாத்திருக்கறாங்க.”

“அதெல்லாம் வேண்டாம். வாசுகி ரூம்புல இருந்துக்கட்டும். கட்டிலு மேல இருக்கற பொட்டிகள எடுத்துப் பரண் மேல போட்டுரு.”



“அப்ப வாசுகி வந்தா?”

“வந்தா எல்லாரும் கூடத்துல பாய் விரிச்சுப் படுத்துக்கலாம். மாப்பிள்ளை உசரத்துக்கு அந்தக் கட்டிலு எப்படியும் பத்தாது.”

 பால் பொங்கி வழிந்துவிட்டது என்று நினைக்கிறேன், சத்தம் அப்படி இருந்தது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். “சாவி உங்ககிட்டயில்லீங்களா இருக்குது?”

“பூட்ட ஒடச்சுரு.”

திரும்பினால் வாசுகி நிற்கிறாள், இரண்டு கையிலும் டீக் கோப்பைகளோடு. எவ்வளவு நேரமாக நின்றாளோ. டீயை என்னிடம் கொடுக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. “அப்பா” என்று மட்டும் சொன்னாள். ஆறிப்போகும், கொடு என்று நானே வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 29, திங்கள்

காலையில் மாப்பிள்ளையும் ஆர்னியும் ஜமக்காளத்தை வேலியில் காயப்போட்டார்கள். சாயம் கொஞ்சமும் போகவில்லை.

கிட்டுசாமிக்குக் கடைசிக் குறிப்பு: வெளிநாட்டு விழாவுக்குப் போகிறவர்கள் துண்டு அவசியம் எடுத்துச் செல்லவும். முகம் துடைத்துக்கொள்ள உதவும்.